இருபது அடிக்கு மூன்று மணி நேரம்

"கிள்ளானுக்கு ஏரோப்ளேன்ல போனா எவ்வளவு நேரம்லா ஆகும்?" — ரயில்வே ஆபீஸில் பக்கத்து மேஜை நண்பர் நேற்றுக் கேட்டார்.

"பத்து நிமிஷம் இருக்கும். ஆனா வாசல்லேருந்து வீட்டுக்குள்ள போக மூணு மணி நேரம்" என்றேன். முழித்தார்.

நீங்களும் முழிக்காதீர்கள்... சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் பெண் பார்க்கப் போனேன். எனக்குத்தான்! வயது முப்பத்திரண்டு. ஏழு இடம் தட்டிப்போய், இது எட்டாவது. மறுநாளே அதே பெண்ணைப் பார்க்கக் காஜாங் மாப்பிள்ளை வருகிறாராம். அன்றைக்கு விட்டால் போச்சு. ஊர் திரும்பவோ ஒரே ரயில், ஒன்றரை மணிக்கு.

துணைக்கு என் தாய்மாமா. நல்ல நேரம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார்.

இருபது மைலுக்குக் கொஞ்சம் மேல். ரயில் ஒழுங்காகவே கொண்டுபோய்ச் சேர்த்தது. பெண் வீட்டை அடைந்தபோது பத்து முப்பத்தைந்து. முன்னால் துணிக்கடை — இந்த யுத்த காலத்தில் துணி ஏது, கடை மட்டும் இருக்கிறது — பின்னால் வீடு. பெண்ணின் அப்பா, "வாங்க, வாங்க" என்று கும்பிட்டார்.

மாமா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "நில்லுடா! வெள்ளிக்கிழமை பத்தரையிலேருந்து பன்னெண்டு ராகுகாலம்!"

ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்த கையோடு நம் கடிகாரத்தையெல்லாம் டோக்கியோ நேரத்துக்கு மாற்றி, ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்களே... வினை அதில்தான்.

"சூரியனுக்கு இப்ப ஒம்பதுதாங்க ஆவுது" என்றார் பெண்ணின் அப்பா.

"செவுத்துல என்ன மணியோ அதான் மணி!" என்றார் மாமா.

நடைபாதையிலேயே நின்றோம். பன்னிரண்டு அடித்தது. மாமா வலது காலைத் தூக்கினார்.

"நில்லுங்க!" — இப்போது பெண்ணின் அப்பா. "சூரியனுக்கு இப்பத்தான் பத்தரை. ராகுகாலம் பொறந்துருச்சு. ஒன்றரைக்கு உள்ள வாங்க."

ஒன்றரைக்கு ரயில்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. மனுஷன் மைலையெல்லாம் மெஷின் வைத்துக் குறைத்துவிட்டான். இந்தக் கடைசி இருபது அடிக்கு எந்த மெஷினைப் பூட்டுவது?

ஒரு மணி ஆனது. மாமாவும் அவரும் பஞ்சாங்கச் சண்டையில் மும்முரம். அப்போது பெண்ணே வெளியில் வந்தாள். கையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, சீனி இல்லாத காப்பி.

"சரோஜா! உள்ள போ!"

"அவங்கதானேப்பா உள்ள வரக்கூடாது? நான் வெளிய வரலாம்ல?" என்றாள். என்னைப் பார்த்து, "ஏங்க, உங்களுக்கு எந்த மணி?"

"ரயில் மணி" என்றேன். சிரித்துவிட்டாள்.

பிடித்துவிட்டது. சொல்ல வெட்கமென்ன? நடுப்பாதையில் நின்று, ஊர் கேட்கச் சொன்னேன்.

"எனக்கும் சம்மதம். அப்பா, காஜாங்காரங்கள வரவேணாம்னு சொல்லிருங்க" என்றாள். மனுஷர் தலையாட்டினார்.

கிழங்கைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடி ரயிலைப் பிடித்தோம். வண்டி கிளம்பியதும் மாமா ஆரம்பித்தார். "ராகுகாலத்துல பொண்ணு பாத்துட்டியேடா... வெளங்குமா?"

"கட்டிக்கப் போறது நானா, ராகுவா?" என்றேன்.

கோலாலம்பூர் வரும்வரை மாமா வாயே திறக்கவில்லை. என் ஆயுசில் எனக்கு வாய்த்த முதல் நல்ல நேரம் அதுதான்!