பிரைமரோடு நிறுத்தச் சொன்னார்கள்

குளியலறைக்குப் பெயிண்ட் அடித்ததற்காகக் கணவர் வீட்டுச் சொந்தம் முழுக்க என்னோடு பல மாதம் பேசாமல் இருந்தது என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். அந்த மாதங்களில் நான் எவ்வளவு நிம்மதியாக இருந்தேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கணபதி என்கிற ஊரில் எங்கள் வீடு. முன்பக்கம் லேத்துப் பட்டறை, பின்பக்கம் குடியிருப்பு. பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற வேலை. கணவர் நெஞ்சுவலியில் திடீரென்று போனபோது எனக்கு வயது முப்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான் ஆகியிருந்தது. பட்டறையை வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டோடு இருக்கச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. கருமாதி முடிந்த மறுவாரமே ஷட்டரைத் தூக்கிவிட்டேன்.

சேலை விஷயத்தில் மட்டும் தோற்றுப்போனேன். கருமாதியன்று வெள்ளைச் சேலையைக் கட்டிவிட்டார்கள். அழுது ஓய்ந்திருந்த நேரம், எதைக் கட்டினால் என்ன என்று இருந்துவிட்டேன். எதிர்த்துப் பேசத் தெம்பு வந்தபோது அது வழக்கமாகிவிட்டிருந்தது. ஆயிலும் இரும்புத் தூளும் பறக்கிற பட்டறைக்குள் வெள்ளைச் சேலையோடு நிற்பது எப்படி இருக்கும் என்று அதை முடிவு செய்தவர்கள் யாரும் யோசிக்கவில்லை.

சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை சுண்ணாம்புகூட அடிக்கக் கூடாது. அதற்குள் குளியலறைச் சுவர் பொரிந்துபோய், குளித்துவிட்டு நிமிர்ந்தால் தோளில் சுண்ணாம்பு ஒட்டிக்கொள்ளும். மறுபடியும் ஊற்றிக்கொள்ள வேண்டும். வருஷத் திதி கழிந்ததும் பெயிண்டரை வரச் சொன்னேன். அவர் சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"சுண்ணாம்பு மேல பெயிண்ட்டு நிக்காதுங்கம்மணி. பூராத்தையும் சுரண்டிப்போட்டு, பட்டி பாத்து, பிரைமர் ஒரு கோட்டு குடுத்தாத்தானுங்க புடிக்கும்."

காந்திபுரத்தில் பட்டறைக்கு வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைக்குப் போய் "பிரைமர் குடுங்க" என்றேன். கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் ரெட் ஆக்சைடு டப்பாவை எடுத்து வைத்தார். எங்களுக்கெல்லாம் பிரைமர் என்றால் மெஷின் ஸ்டாண்டுக்கும் இரும்புக் கேட்டுக்கும் பூசுகிற அந்தச் செங்கல் நிறச் சமாச்சாரம்தான். நானும் அதை வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். பிறகுதான் சந்தேகம் தட்டியது.

"ஏனுங்க, இது பாத்ரூம் சுவத்துக்குங்க" என்றேன்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். வேறு டப்பா வந்தது. "இது வெள்ளையா இருக்குமுங்க. பாக்க நல்லாருக்குதுன்னு இதோட உட்றாதீங்க. மேல பெயிண்ட்டு அடிச்சே ஆகோணும். இல்லீன்னா தண்ணி பட்டுப் பட்டு ஊறிப் போயிருமுங்க."

அடுத்து கலர் அட்டையை விரித்தார். அவர் விரல் ஐவரி வெள்ளையிலும் வெளிர் சாம்பலிலும் போய் நின்றது. என் சேலையைப் பார்த்துத்தான் அங்கே போனது. "உங்களுக்கு இதுதானுங்க பாந்தமா இருக்கும்."

"எனக்கா அடிக்கப் போறேன்? சுவத்துக்குத்தானுங்க அடிக்கிறேன்" என்று சொல்லி மஞ்சளைத் தொட்டேன். சோகை பிடித்த வெளிர் மஞ்சள் இல்லை, நல்ல கிழங்கு மஞ்சள்.

காரணம் இருந்தது. எங்கள் குளியலறை மூலையில் மஞ்சள் உரைக்கிற கல் ஒன்று கிடந்தது. கருமாதியன்று காலையில் நங்கையா அதைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே போட்டுவிட்டார். நங்கையா என்பது என் கணவரின் அக்கா, பல்லடத்தில் வாழ்க்கைப்பட்டவர். புருஷன் போனவளுக்கு மஞ்சள் ஆகாதாம். பாவாடை கட்டிய காலத்திலிருந்து நான் தேய்த்துக் குளித்த மஞ்சள் அது. கணவர் கொண்டுவந்து கொடுத்ததல்ல, அவர் போனதும் பிடுங்கிக்கொள்ள. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. இன்றைக்கும் அது முழுசாகத் தீரவில்லை.

பெயிண்டர் சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து முடித்த அன்றைக்கு நங்கையா வந்து சேர்ந்தார். நான் பட்டறையில் இருந்தேன். உள்ளே வந்து பார்த்தால் பெயிண்டர் பிரஷ்ஷைக் கழுவி மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்.

"இதோட போதும்னு உங்க நங்கையா சொல்லிப்போட்டாங்க அம்மணி."

நங்கையா குளியலறை வாசலில் நின்று திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளையே நல்லாத்தான கண்ணு இருக்குது? இந்த ஊட்டுக்கு இது போதும். மஞ்சள் வாங்கி வெச்சிருக்கறயாமா? பாக்கறவிய என்ன பேசுவாங்க?"

"குளிக்கிற ரூமை யாருங்க வந்து பாக்கப் போறாங்க? இது பெயிண்ட்டே இல்லீங்க நங்கையா, பிரைமருங்க. மேல ஒண்ணு வரோணும்னு அடிக்கிறது. இப்படியே உட்டா உரிஞ்சு போயிரும்."

"உரிஞ்சா மறுக்காவும் வெள்ளையே அடிச்சுக்கலாம்."

பேச்சு சுவரைப் பற்றியது அல்ல என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது. இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பார்கள். இங்கே இடமும் என்னுடையது, மடமும் என்னுடையது. சுவரில் இன்றைக்கு வாயை மூடிக்கொண்டால் நாளைக்குப் பட்டறைச் சாவியைக் கேட்பார்.

"நாளைக்கு வந்து மஞ்சள் அடிச்சுக் குடுங்க" என்று பெயிண்டரிடம் சொன்னேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பெரியவிய வேண்டாங்கறாங்க. உங்க சண்டைக்குள்ள நான் வரலீங்க" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பட்டறை லீவு. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூலைப் போட்டு ஏறினேன். பட்டறையில் மெஷினுக்கெல்லாம் பெயிண்ட் அடித்த கைதான். ஆனாலும் சுவர் வேறு மாதிரி. பிரஷ்ஷில் கொஞ்சம் கூடுதலாகத் தொட்டால் முழங்கைவரை வழிந்தது. நங்கையா கூடத்தில் உட்கார்ந்து, சுவரைக் கேட்பதுபோல என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பி இருந்தால் இப்படி நடக்குமா என்றார். அவர் இருந்திருந்தால் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருப்பார். அதை நான் சொல்லவில்லை, சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

முடித்து இறங்கியபோது சுவர் தகதகவென்று இருந்தது. அங்கங்கே பிரஷ் தடம் தெரிந்தது. அதைவிட மோசம் என் சேலை. முந்தானையிலிருந்து கரைவரை மஞ்சள் சொட்டு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், இன்னும் படர்ந்ததே தவிரப் போகவில்லை.

நங்கையா எட்டிப் பார்த்தார். "அந்தச் சேலை போச்சு. போயி வேற வெள்ளைய எடுத்துக் கட்டு."

பீரோவைத் திறந்தேன். மேல் தட்டில் மடித்து வைத்த வெள்ளைச் சேலைகள் இருந்தன. அடித்தட்டில், முன்பு பட்டறைக்குக் கட்டிக்கொண்டு போன கருநீல வாயில் துணிச் சேலை கிடந்தது. அதை உருவி, உதறி, கொசுவம் வைத்துக் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். நங்கையா எழுந்தே நின்றுவிட்டார்.

"யாரைக் கேட்டு இதைக் கட்டுனே?"

"யாரையும் கேக்கலீங்க நங்கையா. இனிமேலும் கேக்கறதா இல்லீங்க."