நீலக்கரைத் துண்டு

இன்று மதியம் உத்தமபாளையத்தில் தேனி பஸ் ஏறினேன். ஜன்னலோர சீட்டில் யாரோ வெளியிலிருந்தே நீலக்கரைத் துண்டைப் போட்டு இடம் பிடித்திருந்தார்கள். அதைச் சுருட்டி என் பைக்குள் திணித்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

கூட்டத்தில் நெருக்கியடித்து ஓர் அம்மா வந்தார்.

"தம்பி, இங்கன துண்டு போட்டிருந்தேனே, பாத்தீகளா?"

"இல்லையேம்மா."

சொன்னதுதான் தாமதம். நெஞ்சு படபடத்தது, நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியது.

அவர் என்னையே உற்றுப் பார்த்தார்.

"என்னய்யா இப்பிடி வேர்த்து ஊத்துது? நெஞ்சு வலிக்குதா? எந்திரிக்காதீக. இந்தா, தண்ணி குடிங்க."

குடித்தேன். தேனி வரை அவர் நின்றுகொண்டேதான் வந்தார்.

உங்கள் வீட்டு அம்மா யாராவது, இன்று பஸ்ஸில் ஒரு நெஞ்சுவலிக்காரனுக்கு இடம் விட்டதாகச் சொன்னால் கமெண்டில் தெரிவியுங்கள். துண்டு என்னிடம்தான் இருக்கிறது.