உலர்ந்த கையுறை

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொண்டு வேறு வேலை பார்க்கலாம். அவர்களைக் கையைப் பிடித்து உட்கார வைக்க எனக்கு ஆசையில்லை. பேய் என்றால் அமாவாசையும் நள்ளிரவும் வேண்டும் என்று நினைக்கிறவர்களும் எழுந்து போகலாம். தொண்ணூற்றாறாம் வருஷம், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில், வெயில் மண்டையைப் பிளந்த ஒரு முற்பகலில் நடந்தது.

அனுபவித்தவன் ராஜதாஸ். அபுதாபியில் கடலுக்கு அடியில் குழாய் பழுது பார்க்கிற முக்குளிப்பு வேலை. லீவில் ஊருக்கு வந்த அன்றே மூக்கைச் சுளிக்க ஆரம்பிப்பான். திரும்ப விமானம் ஏறும்போதுதான் அந்த மூக்கு நேராகும். ஊர் டீ சரியில்லை, ரோடு சரியில்லை, மனிதர்கள் அறவே சரியில்லை. தன்னைத் தவிர மற்ற எல்லாரும் அரைவேக்காடு என்பது அவன் முடிவு. என்னையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தான். பிறகு ஒரு நாள் அவனே வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னதுதான் இது.

எல்லையோரச் சந்தைக் கடைகளின் கோழிக் கழிவை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய் அந்தக் குவாரியில் கொட்டுகிறவன் சுந்தரதாஸ். ஒரு நாள் ரிவர்ஸ் எடுத்தவன், வண்டியோடு உள்ளே போய்விட்டான். தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார்கள், போனார்கள். கிரேன் வந்து நின்றது. கொக்கியை யார் கீழே கொண்டுபோய் மாட்டுவது? கொச்சியிலிருந்து ஆள் வரும் என்றார்கள். ஒரு வாரம் போயிற்று, யாரும் வரவில்லை.

சுந்தரதாஸின் பெண்சாதி சுகுமாரி ராஜதாஸின் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, ஒருக்க எறங்கிப் பாருங்க. ஆளு முழுசாக் கிட்டினா போதும். பெட்டியில வச்சு அடக்கம் செய்யணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"கோழிக்கொடல் கொட்டப் போனவனுக்கு நான் எறங்கணுமாக்கும்?" என்றான் ராஜதாஸ்.

அடுக்களையில் அவன் மனைவி ரத்னபாய் ஒரு பாத்திரத்தைத் தரையில் போட்ட சத்தம் கேட்டது. அது கைதவறி விழுந்த சத்தம் இல்லை. அவன் சம்மதித்தான்.

ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கிய பழைய டிரைசூட் அவனிடம் இருந்தது. கழுத்திலிருந்து பாதம் வரை உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் மூடுகிற உடுப்பு. குளிருக்காகச் செய்தது. நம் ஊரில் எங்கே குளிர்? ஆனால் அந்தக் குவாரித் தண்ணீர் ஒரு கீறலில் பட்டால் போதும், எலிக்காய்ச்சல். உடுப்பு நல்லதுதான், ஆனால் தண்ணீர் உள்ளே வர மூன்று வாசல் உண்டு. கழுத்து ஒன்று, மணிக்கட்டு இரண்டு. அந்த மூன்றையும் பிடித்துக்கொள்ளும் ரப்பர் பட்டைக்கு சீல் என்று பெயர். பழைய சீல்கள் விரிந்து கிழிந்து கிடந்தன.

கையிருப்பில் இரண்டு வகை இருந்தது. நியோப்ரீன் தடிப்பானது, நாள்பட உழைக்கும், ஆனால் கழுத்தைத் திருப்பினால் ஓரத்தில் கொஞ்சம் கசியும். லேட்டக்ஸ் மெல்லிசு, தோலோடு ஒட்டிக்கொண்டால் விடாது. வெயிலும் எண்ணெயும் பட்டால் மட்டும் நைந்துபோகும். சுத்தமான கடலில் கொஞ்சம் கசிந்தால் என்ன? இங்கே கசியக் கூடாது. லேட்டக்ஸ் போதும் என்று முடிவு செய்து, பசை வைத்து ஒட்டினான். இறங்குகிற அன்று தலைக்கும் உடம்புக்கும் எண்ணெய் வேண்டாம் என்றான்.

"எண்ணெய் தேய்க்காம யாராவது வெள்ளத்துல எறங்குவாங்களா?" என்று ரத்னபாய் கேட்டாள்.

"ஒனக்கு என்ன தெரியும்," என்றான். அதுதான் அந்த வீட்டில் அவன் அதிகம் சொல்கிற வாக்கியம்.

கைதான் தொல்லை. கையையும் நனையாமல் வைக்க வேண்டுமென்றால், உடுப்பின் கைநுனியில் ஒரு கெட்டி வளையம் வைத்து, அதில் ரப்பர் கையுறையை இறுக்கிப் பூட்ட வேண்டும். அதிலும் இரண்டு விதம் உண்டு. உள்ளே மணிக்கட்டு சீல் பட்டையை வெட்டியெறிந்துவிட்டு வளையத்தை மட்டும் நம்பலாம். உடுப்பின் காற்று தாராளமாக விரல்வரை வரும், வசதி. ஆனால் கையுறை கிழிந்தால் உடம்பு முழுக்கத் தண்ணீர். சீல் பட்டையையும் வைத்துக்கொண்டு அதன்மேல் கையுறையைப் பூட்டினால் இரட்டைக் காவல். அப்போது கையுறைக்குள் காற்று போகாது. ஆழம் போகப் போகக் கையைப் பிழியும். அதற்கு சீலுக்கு அடியில் ஒரு துண்டு நூலைச் செருகி, காற்றுக்கு மட்டும் வழிவிட வேண்டும்.

ராஜதாஸ் சீல் பட்டையை வெட்டவில்லை. காரணம், கையுறை அவன் மச்சினன் ரெத்தினதாஸ் செய்தது. காஞ்சிரங்குளம் பக்கம் ஒரு கொட்டகையில் ரப்பர் கையுறை செய்து, தன்னைத் தொழிலதிபர் என்று சொல்லிக்கொள்கிற ஆள்.

"ரப்பர் பாலுல நாலு தரம் முக்கினதாக்கும் அத்தான். ஆனை மிதிச்சாலும் கிழியாது."

"ஆனை கையுறை போடுமாலே?"

குவாரிக் கரையில் பாதி ஊர் நின்றது. வேலை வெட்டி இல்லாத ஊர். இடது கைக்கு ராஜதாஸ் தானே நூலைச் செருகிக்கொண்டான். வலது கைக்கு உதவ வந்த ரெத்தினதாஸ் பேசிக்கொண்டே வளையத்தை டக்கென்று பூட்டிவிட்டான். நூல் கீழே கிடந்தது. திட்டிவிட்டு, போகட்டும், ஒரு கை பிழிபட்டால் உயிரா போகும் என்று விட்டுவிட்டான்.

சுகுமாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அவருக்கு நீச்சல் தெரியாது அண்ணே. பேடிச்சிருப்பாரு. கையப் பிடிச்சுக் கொண்டாங்க."

"செத்தவனுக்கு என்ன பேடியும் பயமும்?" என்று சொல்லிவிட்டு, முதுகில் காற்று சிலிண்டரோடு, தலையை முழுசாக மூடுகிற முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டு இறங்கினான்.

முதலில் பச்சை. பிறகு பழுப்பு. பிறகு ஒன்றுமில்லை. டார்ச் அடித்தால் வெளிச்சம் முழங்கை தூரம்கூடப் போகவில்லை. கோழி இறகுகள் மெல்லச் சுற்றி வந்து முகக் கண்ணாடியில் ஒட்டின. தன் மூச்சும் குமிழிச் சத்தமும் தவிர வேறு சத்தமில்லை. கழுத்தில் கசிவு இல்லை. தான் ஒட்டிய சீல் ஆயிற்றே என்று அந்த இடத்திலும் மெச்சிக்கொண்டான்.

வலது கை பிழிய ஆரம்பித்தது. எதிர்பார்த்ததுதான். மச்சினனை மனசுக்குள் நாலு வார்த்தை சொன்னான்.

கிரேன் கொக்கியோடு அடிமட்டத்துக்கு வந்தான். சேறு. தடவினான். பாறை. மறுபடியும் சேறு. டெம்போ எங்கே?

வலது கையின் பிழிதல் இறுகியது.

அப்போதுதான் கவனித்தான். ஆழத்தின் பிழிதல் கை முழுக்க ஒரேபோல் இருக்கும். இது அப்படி இல்லை. புறங்கையில் இல்லை. விரல் இடுக்குகளில் இருந்தது... ஒவ்வொரு இடுக்கிலும்...

ஈரமாக.

கையுறை கிழிந்துவிட்டதா? கிழிந்தால் தண்ணீர் நிறையும். இது நிறையவில்லை. கோர்த்துக்கொண்டிருந்தது.

டார்ச்சை வலது கைமேல் அடித்தான். கையுறையில் ஒரு கீறல் இல்லை. வளையம் பூட்டியபடி இருந்தது. விரல்கள் மட்டும் கொஞ்சம் தடித்துத் தெரிந்தன.

விரல்களை விரித்துப் பார்த்தான்.

அவை விரியவில்லை... பதிலுக்கு அழுத்தின.

கை இடப்பக்கமாக இழுபட்டது. அவன் அசைக்கவில்லை. இழுபட்டது.

முட்டியில் இரும்பு இடித்தது. டெம்போவின் ஆக்சில்.

இடது கையாலேயே கொக்கியை மாட்டினான். எப்படி மாட்டினான் என்று அவனுக்கே தெரியாது. பக்கத்தில்தான் வண்டியின் கதவு. கண்ணாடி ஏற்றியிருந்தது. அவன் அந்தப் பக்கம் டார்ச்சைத் திருப்பவில்லை.

"விடு," என்றான் முகமூடிக்குள்.

விடவில்லை.

மேலே ஏறினான். ஏற ஏறப் பிழிதல் குறைய வேண்டும். முக்குளிக்கிற எவனுக்கும் தெரியும்...

குறையவே இல்லை.

கரைக்கு வந்து விழுந்ததும் ரெத்தினதாஸ் வளையத்தைத் திறந்தான். டப் என்று காற்றுச் சத்தம். ராஜதாஸ் கையை வெடுக்கென்று உருவினான். பார்த்தான். ஈரமே இல்லை. சீலுக்குள் கை வழுக்கிப் போகக் காலையில் பூசிய பவுடர் ரேகைகளுக்குள் அப்படியே வெள்ளையாக இருந்தது. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. தன் பயத்தை யாராவது கண்டுகொண்டார்களோ என்பதுதான் அவனுக்கு அப்போது பெரிய கவலை. கையுறைகளை மச்சினன் மூஞ்சியில் வீசினான்.

"ஒன் கழிசடைச் சரக்கை நீயே வச்சுக்க."

கிரேன் வண்டியைத் தூக்கியது. உடலைப் பாயில் சுற்றி போஸ்ட்மார்ட்டத்துக்குக் கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார்.

"நீர் பாடியைத் தொட்டீரா? கையப் பிடிச்சு வலிச்சீரா?"

"வண்டிக்குள்ள நான் கையே விடல்ல. எதுக்கு?"

"ரொம்ப நாள் வெள்ளத்துல கெடந்தா தோலு இளகுமாம். டாக்டர் சொன்னாரு. எடது கையில இளகி நிக்குது. வலது கையில தோலே இல்ல. மணிக்கட்டு வரை மொத்தமா உருவின மாதிரி."

"மீன் தின்னிருக்கும்."

"கதவு, கண்ணாடி எல்லாம் அடைச்சுக் கெடந்துது. வண்டிக்குள்ள தேடியாச்சு. கிட்டல்ல." தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

அன்று ராஜதாஸ் சாப்பிடவில்லை. ரத்னபாய் ஏன் என்று கேட்கவும் இல்லை.

மறுநாள் அடக்கம். பெட்டியில் வைக்கும்போது வெள்ளைக் கையுறையும் சாக்ஸும் மாட்டுவது இங்கே வழக்கம். முகத்தைத் திறக்கவே வேண்டாம் என்று எல்லாரும் சொன்னார்கள். கையுறையாவது மாட்டியே ஆகவேண்டும் என்று சுகுமாரி பிடிவாதம் பிடித்தாள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தார்கள். பேச்சுக்கு மட்டும் சொந்தம். அவள் வலது கைக்கான கையுறையை ராஜதாஸிடம் நீட்டினாள்.

"நீங்க போடுங்க அண்ணே. ஆளு முழுசாத்தானே இருக்காரு?"

அவன் மாட்டினான். கண்ணை மூடிக்கொண்டு, துணிக்கு அடியில் கையை விட்டு மாட்டினான். அந்த விரல்கள் எப்படி இருந்தன என்று அவன் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இருக்கிறவர்கள் அவனிடமே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

"முழுசா உண்டு," என்று அவளிடம் சொன்னான். அவள் தலையாட்டினாள். பெட்டியை மூடினார்கள்.

கல்லறையிலிருந்து நேராக ரெத்தினதாஸின் கொட்டகைக்குப் போனான். கூரையிலிருந்து பீங்கான் கைகள் வரிசையாகத் தொங்கின. கையுறைக்கான அச்சுகள். ரப்பர் பாலில் முக்கி உலர்த்துவது அவற்றைத்தான். அடுப்பில் தேங்காய்த் தொண்டு புகைந்துகொண்டிருந்தது.

"அந்தக் கையுறை எங்கலே?"

மச்சினன் முகம் சுருங்கியது. திட்டு வாங்கத் தயாரான முகம்.

"வெளிய சொல்லிராதீங்க அத்தான். நேத்து காயப்போட எடுத்தேன். வலது உறையில உள் லேயர் ஒட்டாம உரிஞ்சு கெடக்கு. இழுத்தேன், ஒரு கை மாதிரியே முழுசா வந்துட்டு. வெள்ளையா, நனஞ்சு, மெல்லிசா... முக்கினதுல எங்கயோ தப்பு."

"அத என்ன செஞ்ச?"

"அடுப்புல தூக்கிக் களஞ்சுட்டேன். நீங்க பாத்தா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பீங்கல்லா."

ராஜதாஸ் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரெத்தினதாஸ் தலைக்கு மேல் தொங்கிய ஒரு பீங்கான் கையை எட்டிப் பிடித்து, அதன் விரல்நுனிகளைத் தடவினான்.

"ஒண்ணுதான் அத்தான் எனக்குப் பிடிகிட்டல்ல. தொட்டுப் பாருங்க. நம்ம அச்சு எல்லாம் மொழுமொழுன்னுதான் உண்டு. அந்த லேயர்ல அஞ்சு நகமும் இருந்துது."