கிளினிக்கில் கட்டிய படங்கு

கிளினிக் அறையில், மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸின் மேசைக்கு முன்னால், அண்ணி தன் துணிப்பையிலிருந்து படங்கை எடுத்து உதறினாள். தேயிலைக் கறை ஏறிக் கறுத்துப்போன தடித்த துணி அது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் சேலை நனையாமலும் கிழியாமலும் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்வது. அதற்குள் காய்ந்து கிடந்த சருகுகள் பளபளத்த தரையில் விழுந்தன. நான் குனிந்து பொறுக்கப் போனேன். "விடு பாப்பா, மிஸ்ஸி ஒன்னும் சொல்ல மாட்டாங்க" என்றாள் அண்ணி. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் வாயில் நான் பாப்பாதான்.

அதற்கு முந்திய ஆண்டு அவளுக்குக் குடலில் கட்டி என்று கண்டியில் ஆபரேஷன் செய்து, குடலின் நுனியை வயிற்றின் இடது பக்கம் வெளியே எடுத்துத் தைத்துவிட்டார்கள். இனி மலம் அந்த வழியாகத்தான் வரும், ஒட்டிக்கொள்ளும் பை ஒன்றை எப்போதும் வயிற்றில் போட்டிருக்க வேண்டும், ஆயுசுக்கும் அப்படித்தான். உயிர் தப்பியதே எங்களுக்குப் பெரிய ஆறுதல். அண்ணிக்கு அது போதவில்லை. எப்போது மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகலாம் என்பதுதான் டாக்டரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி. தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் பகல் முழுவதும் தனியாக உட்கார்ந்திருக்க அவளால் முடியாது. பேச்சு, கேலி, சண்டை எல்லாம் அவளுக்கு மலையில்தான், பக்கத்துத் தேயிலை நிரையில் நிற்கும் பெண்களோடுதான்.

டாக்டர் ஒருவழியாகச் சரி என்றார், பாரம் தூக்கக் கூடாது என்ற கட்டளையோடு. பாதிக் கூடை நிறைந்ததும் இறக்கிவிடலாம் என்று வேலை வாங்கும் கங்காணியும் ஒத்துக்கொண்டார். முதல் நாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனவள் வெயில் ஏறுமுன்னே திரும்பி வந்துவிட்டாள். பை ஒரு பக்கம் ஒட்டு விட்டுப்போய்ச் சேலையெல்லாம் நாசமாகியிருந்தது. ஒருத்தி மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டதை அவள் பார்த்துவிட்டாள். "இனி நான் மலை ஏற மாட்டேன் பாப்பா" என்றாள். அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். அழாமல் சொன்னதுதான் என்னைப் பயமுறுத்தியது.

பை சரியில்லை என்றே நாங்கள் முடிவு கட்டினோம். நான் ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். தையல் விட்டுப்போனால் நூலைத் திட்டித்தான் பழக்கம். கண்டி மருந்துக்கடையில் விசாரித்து, இரண்டு துண்டாக வரும் பையை வாங்கி வந்தேன். வயிற்றில் ஒரு தகட்டை ஒட்டி, அதன் வளையத்தில் பையை அழுத்திப் பூட்ட வேண்டும். பார்வைக்குப் பலமாக இருந்தது, நிற்கும்போதும் அருமையாக இருந்தது. வீட்டிலேயே படங்கைக் கட்டிக் குனிந்து பார்த்தபோது வளையம் வயிற்றில் குத்தியது, அதுவும் விட்டுப்போனது. தோல் வெந்து சிவந்த இடத்தில் அண்ணன் பரிவோடு தேங்காய் எண்ணெய் தடவிவிட, அடுத்த பை ஒட்டவே மறுத்தது. அன்புக்கும் ஒரு அளவு வேண்டாமா.

கடைசியில் கிளினிக்குக்கே போனோம். மிஸ்ஸி சிங்களப் பெண்மணி. தமிழை நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவார். எண்ணெய்க் கதையைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, தோலை நன்றாகக் காயவிட வேண்டும் என்றார். பிறகு, "நிற்கும்போது சரி, வேலை செய்யும்போது விடுது. என்ன வேலை, எப்படிச் செய்றது?" என்று கேட்டார். நான் விளக்கினேன், அவருக்குப் பிடிபடவில்லை. "அடுத்த முறை அந்தத் துணி கொண்டு வாங்க. இங்கே கட்டிக் காட்டுங்க" என்றார்.

அப்படித்தான் படங்கு கிளினிக்குக்கு வந்தது. அண்ணி அதை இடுப்பில் சுற்றி, கயிற்றை இழுத்து, எத்தனையோ வருஷப் பழக்கத்தில் இடது பக்கமாக முடிச்சுப் போட்டாள். எதிரில் தேயிலைச் செடி இருப்பதுபோல் குனிந்து இரண்டு கையாலும் காற்றில் கொழுந்து பறித்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மிஸ்ஸி சிரிக்கவில்லை. முடிச்சின்மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டு, படங்கை அவிழ்க்கச் சொன்னார். சேலையை விலக்கிப் பார்த்தால் விரல் பையின் நடுவில் இருந்தது. கயிறு நெரிப்பதால் மலம் அடிக்கு இறங்காமல் மேலேயே தங்கி, ஒட்டிய இடத்தைக் கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறது. பாவம், அந்தப் பையைத்தான் நாங்கள் அத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தோம்.

"வயிறை மாற்ற ஏலாது. கட்டுறதை மாற்றலாம்" என்றார் மிஸ்ஸி. மேலே ஏற்றிக் கட்டினால் மூச்சு முட்டும், கீழே கட்டினால் நழுவும் என்று அண்ணி ஒவ்வொன்றாகக் கட்டிக் காட்டி மறுத்தாள். கடைசியில் அவளே, "தோள்ல மாட்டுற மாதிரி வார் வச்சுத் தச்சா என்னங்க மிஸ்ஸி?" என்றாள். துணிக்கடைக்காரி நான் எதற்கு இருக்கிறேன், தைத்துக் கொடுத்தேன். மிஸ்ஸி தேர்ந்து கொடுத்தது ஒரே துண்டான மெல்லிய பை. அடியில் திறந்து காலி செய்யலாம், குனிந்தால் உடம்போடு சேர்ந்து அதுவும் மடியும். குடல் நுனிக்கு அளவு அட்டையை வைத்துப் பார்த்து அதற்கேற்பப் பையில் ஓட்டையை வெட்டவும், எங்கள் ஊர்க் குளிருக்கு அதைக் கொஞ்ச நேரம் அக்குளில் வைத்துச் சூடாக்கி ஒட்டவும் சொல்லிக் கொடுத்தார்.

புதுப் படங்கோடு அவள் மலைக்குப் போன அன்று நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். வெயில் ஏறியது, அவள் வரவில்லை. மத்தியானம் வந்தாள், பையைக் காலி செய்தாள், நான்கு வாய் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவிட்டாள். கேட்க நேரமே தரவில்லை. சாயந்தரம் மழையில் நனைந்து வந்தவள் வாசலில் நின்றபடியே, கங்காணி வேண்டியவளுக்கு நல்ல நிரையைக் கொடுத்துவிட்டுத் தனக்குப் பள்ளத்து நிரையைக் கொடுத்த அநியாயத்தைச் சொல்லித் திட்ட ஆரம்பித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அது இருக்கட்டும் அண்ணி, கசிஞ்சிச்சா?" என்று குறுக்கே கேட்டேன்.

அண்ணி என்னைப் பார்த்து விழித்தாள். பிறகு சேலைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு பாப்பா. மத்தியானத்துக்கு அப்புறம் எனக்கு அந்த ஞாபகமே வரலை" என்றவள், விட்ட இடத்திலிருந்து கங்காணியைத் திட்டத் தொடங்கினாள். தேத்தண்ணி போடும் சாக்கில் நான் அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இப்போதும் சாயந்தரங்களில் அவள் யாரையாவது திட்டிக்கொண்டேதான் மலையிலிருந்து இறங்கி வருகிறாள். நான் குறுக்கே எதுவும் கேட்பதில்லை.