காய்ச்சலோடு ஜீப் ஓட்டியவர்

மகளுக்கு டெங்குவாக இருக்கலாம் என்று நர்ஸ் சொன்னதும், நெல்லிவாசல் மலையிலிருந்து திருப்பத்தூருக்கு அந்த டிரைவருடைய ஷேர் ஜீப்பில்தான் இறங்கினோம். ஒல்லியான மனிதர். உச்சி வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருந்தார். ஒவ்வொரு வளைவு தாண்டியதும், "பாப்பா தண்ணி குடிச்சுதுங்களா?" என்று கேட்டார்.

"முன்ன இந்தக் காய்ச்சல் கீழதான் சார் இருந்துச்சு. இப்ப கொசு மலையேறி வந்துடுச்சு. தெனமும் காய்ச்சக்காரங்களத்தான் எறக்கினு இருக்கேன்," என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் மகளை அவரே தூக்கி என்னிடம் கொடுத்தார். என்மேல் பட்ட அவர் கை அனலாய்க் கொதித்தது.

"உங்களுக்கும் காய்ச்சல் அடிக்குதே! வாங்க, ரத்தம் பாத்துடலாம்," என்றேன்.

"பாத்தா படுக்கச் சொல்லிடுவாங்க சார். மேல இன்னும் ரெண்டு பேரு காத்துனு இருக்காங்க."

சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

மாலையில் மகளுக்குக் காய்ச்சல் குறைந்தது. மருந்து வாங்க வெளியே வந்தபோது அதே ஜீப் வந்து நின்றது. ஒரு கிழவரையும் ஒரு கர்ப்பிணியையும் இறக்கிவிட்டு, வண்டிச் சாவியை என் கையில் வைத்தார்.

"இப்ப படுக்கலாங்க," என்றார்.

உள்ளே கட்டில் காலியில்லை. வராந்தாவில் பாய் விரித்து அவருக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். படுத்ததுமே தூங்கிப்போனார். தூக்கத்திலும் அவர் வலது கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.