குடையை மடக்கும் நேரம்

காலை பத்து நாற்பதுக்குக் கமலாட்சி குடையை மடக்கிவிடுவாள். வெயில் மண்டையைப் பிளந்தாலும் சரிதான். வானத்தில் போய்க்கொண்டே நிலத்தைப் படம் எடுக்கிற செய்மதிக்குத் தன் கறுப்புக் குடை குறுக்கே நிற்கக் கூடாதாம். செய்மதியை அவள் ‘ஆள்’ என்றுதான் சொல்வாள். பத்து மீற்றர் நிலமே அந்தப் படத்தில் ஒரு புள்ளிதான், குடையெல்லாம் தெரியாது என்று திட்டப் பொறுப்பாளர் சுதர்சினி எத்தனையோ தரம் விளக்கிவிட்டார். கமலாட்சி தலையாட்டிக் கேட்பாள். அடுத்த ஐந்தாம் நாள் ஆள் வரும்போது குடை மறுபடி மடங்கும். “தெரியுதோ தெரியேல்லையோ, மறைக்கிறது சரியில்லைத்தானே” என்பாள்.

வயது நாற்பத்தாறு. மலைநாட்டிலிருந்து வந்து பூவரசங்குளத்தில் காணி வெட்டிய குடும்பம். தேசி என்கிற எலுமிச்சை மரத்து முள்ளுக்குப் பயந்து, சேலைக்கு மேல் புருசனின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பாள். தோட்டம் தோட்டமாகப் போய் இலை அளப்பதுதான் திட்டத்தில் அவளுக்கு வேலை. கையில் உடுப்புக் கிளிப்பைக் கொஞ்சம் பெரிதாக்கின மாதிரி ஒரு கருவி. இலையைக் கவ்வினால் அதில் எவ்வளவு பச்சையம் என்று எண்ணில் காட்டும். மரத்துக்கு முப்பது இலை. கொழுந்து கூடாது, முற்றல் கூடாது, நடுநரம்பில் படக் கூடாது. கவ்வுமுன் ஒவ்வோர் இலையையும் பெருவிரலால் துடைப்பாள், பிள்ளைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி.

அந்த எண்களையும் அதே நாள் செய்மதி எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு கணினி படிக்கிறது. படித்துத் தேறினால் மல்லாவியிலோ புளியங்குளத்திலோ யாரும் கால் வைக்காத தோட்டத்து இலையைக்கூட அது மேலிருந்தே மதித்துச் சொல்லிவிடுமாம். “நான் ஓ.எல் சோதனையில பெயில். இப்ப கொம்பியூட்டருக்குப் பாடம் எடுக்கிறன்” என்று சந்தையில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிகிறாள். சொல்லட்டுமே, யாருக்கு என்ன நட்டம்!

அவளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. வெறும் நிலத்தைக் கண்டால் பொறுக்க மாட்டாள். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பிடி பயறு கிடக்கும். அவள் இலை அளக்கப் போகிற சபூறாவின் தோட்டத்தில் நாற்பத்திரண்டு தேசி மரங்களுக்கு நடுவே பயறு விதைக்க வைத்தவளும் அவள்தான். இடம்பெயர்ந்து போய், இருபது வருடத்துக்கு மேல் கழித்துத் திரும்பி வந்து, சபூறா நட்ட மரங்கள் அவை. இந்த வருடம்தான் முதல் காய்ப்பு.

வினை அந்தப் பயற்றில் வந்தது. மரங்கள் உரம், பசளை காணாமல் வெளிறிப் போயிருந்தன. நல்ல மரம் ஐம்பதைத் தாண்டும். இங்கே கருவி இருபத்தைந்து, இருபத்தாறு என்று காட்டியது. படத்திலோ அந்த வட்டாரத்திலேயே பச்சையான தோட்டம் சபூறாவினுடையதுதான். மரத்துக்குக் கீழே செழித்துக் கிடந்த பயறும் சேர்ந்து ஒரே பச்சையாக விழுந்திருந்தது. கணினி கமலாட்சியின் எண்களைப் பிழையென்று தள்ளிவிட்டது. வெளிறின தோட்டங்களுக்கென்று அந்தப் படத்தைப் பார்த்துப் போடுகிற இலவசப் பசளைப் பட்டியலில் சபூறாவின் பெயர் இல்லை. பசளை போடாவிட்டால் வருகிற வெயிலை அந்த மரங்கள் தாங்கப் போவதில்லை.

கமலாட்சி போன் எடுத்துச் சண்டை பிடித்தாள். சுதர்சினிக்கு விசயம் உடனே விளங்கிவிட்டது. படிவத்தில் மரத்தைப் பற்றி முப்பது கேள்வி இருந்தது, மரத்தடியில் என்ன நிற்கிறது என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை. ஆனால் பட்டியலைப் படத்தை வைத்துத்தான் போடுகிறார்கள், தன் வாய்ச்சொல்லை வைத்து இல்லை என்று அவரும் கவலைப்பட்டார். பட்டியல் மூடுமுன் இன்னும் ஒரே ஒரு படம், வெள்ளிக்கிழமை. பயறு முற்றிப் பறிப்பதற்கோ இன்னும் மூன்று வாரம் கிடந்தது. காய்கள் அப்போதுதான் பால் பிடித்திருந்தன.

கமலாட்சி இலேசில் பிழையை ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. அன்று பின்னேரம் சபூறாவின் படலையைத் திறந்து உள்ளே போனவள், கதிரையில் இருக்கவும் மாட்டேன் என்று நின்றாள்.

“நான்தான் உங்கட மரத்தை மூடி வச்சிட்டன் அக்கா.”

முழுக்கதையையும் கேட்டு முடித்த சபூறா பயற்றைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். “பயறு மூண்டு மாசத்தில திரும்ப வரும். மரம் வருமோ? வா கமலம், புடுங்குவம்.”

வெள்ளிக்கிழமை விடியத் தொடங்கி இரண்டு பேரும் பிடுங்கினார்கள். கமலாட்சி தன் கையால் தூவின பயறு. சட்டைக்கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துத்தான் பிடுங்கினாள். குவியலும் பச்சைதானே என்று அதையும் ஆட்டுக் கொட்டிலுக்குள் இழுத்துப்போய் மறைத்தாள். ஆடுகளுக்கு அன்றைக்குப் பெருநாள். தோட்டம் செம்மண்ணாகக் கிடந்தது. வெளிறின மரங்கள் நாற்பத்திரண்டும் அப்படியே தெரிந்தன. வானத்தில் ஒரு முகில் இல்லை.

பத்து நாற்பதுக்குக் கமலாட்சி குடையை மடக்கினாள். இத்தனை நாளும் அதைப் பார்த்துச் சிரித்த சபூறா, தன் குடையையும் மடக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

அப்போதுதான் கமலாட்சி பார்த்தாள், காலடியில் தப்பின ஒரு பயற்றஞ்செடி. சடக்கென்று பிடுங்கினாள். கொட்டில் தூரம், ஓடிப்போக நேரமில்லை. செடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்துக்கொண்டு, வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.