மேல்பக்கம் வைக்கச் சொன்ன செடிகள்

இல்லைங்க, பிளாஸ்டிக் இல்லை. எல்லாம் நிஜச் செடி. கிள்ளிப் பாருங்கள், நகத்தில் பச்சை ஒட்டும். நீங்கள் கேட்கவில்லைதான். ஆனால் எங்கள் சம்பந்தி வீட்டுச் சுவரைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். அடுத்து, பூச்சி வராதா என்பார்கள். வரும். அதுவும் எங்கேதான் போகும்?

சம்பந்தி என்றால் என் மகனுக்குப் பெண் கொடுத்தவர். சுவரில் செடி வைப்பது அவர் தொழில். வாலிபத்தில் கட்டடங்களுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். பெயின்ட் வாடை நெஞ்சில் இறங்கி இழுப்பு வந்துவிட்டது. வேறு வேலை பார் என்றார் வைத்தியர். இவர் பெயின்டை விட்டார், சுவரை விடவில்லை. இரும்புச் சட்டம் அடித்து, அதில் சின்னச் சின்னத் தொட்டிகளை வரிசையாக மாட்டி, உச்சியில் சொட்டுநீர்க் குழாய் ஓடவிட்டு, வெறும் சுவரைப் பச்சையாக்கி விடுவார். தெருவில் அவருக்குப் பெயரே 'சுவர்' என்றுதான்.

சம்பந்தம் பேசும்போது என் வீட்டுக்காரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "செவுத்துல செடி நடறவரா? ஏன், தரையில எடம் இல்லாமப் போச்சா?" என்று கேட்டுவிட்டாள். அது எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. கல்யாணத்தன்று அவளிடம் வந்து, "தரையில எடமெல்லாம் நிறைய இருக்கும்மா. அதுல கார நிறுத்திடறாங்க" என்றார். இவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்றைக்கே எனக்கு மனுஷனைப் பிடித்துப்போய்விட்டது.

அவரிடம் ஒரு பழக்கம். புதுச் சுவர் ஒப்புக்கொண்டால் முதல் நாள் செடியையே தொட மாட்டார். அதை யார் பார்ப்பார்கள், எங்கே இருந்து பார்ப்பார்கள் என்று விசாரித்து, அங்கே போய் உட்கார்ந்துகொள்வார். ஓட்டல் என்றால் அறைச் சாவி வாங்கக் காத்து நிற்கிற இடத்தில் நிற்பார். ஒரு பல் வைத்தியர் கூப்பிட்டபோது, பல் பிடுங்குகிற நாற்காலியிலேயே வாயைப் பிளந்துகொண்டு படுத்துப் பார்த்தாராம். "வலியில இருக்கறவன் கண்ணு பொடி இலையில நிக்காது சம்பந்தி. பெரிய இலையா, அகலமா, ஆடாம இருக்கணும்" என்பார். அதற்கப்புறம்தான் எந்தச் செடி, எந்த இடம் என்ற யோசனையெல்லாம்.

இத்தனை சுவர் செய்தவர் சொந்த வீட்டுக்கு ஒன்று செய்யவில்லை. அவர் மனைவி, எங்கள் சம்பந்தியம்மா, அவர் செய்த ஒரு சுவரைக்கூடப் பார்த்ததில்லை. ஒருமுறை பெரிய ஓட்டல் ஒன்றுக்கு அழைத்துப் போயிருக்கிறார். வாசலில் நின்ற ஆள், வேலைக்காரர்கள் பின்பக்கமாக வர வேண்டும் என்று சொல்லிவிட்டான். பின்பக்கம் போனால் சமையற்கட்டுதான் இருந்தது. இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள். "பரவால்ல, பாத்திரம் தேய்க்கற எடம் ரொம்ப அழகா இருந்துச்சு" என்று அந்த அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். சம்பந்தி மட்டும் சிரிக்க மாட்டார்.

அந்த அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. வெட்டினார்கள், மருந்து ஏற்றினார்கள், தலைமுடியெல்லாம் போயிற்று. கடைசியில் டாக்டர் சம்பந்தியைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் செய்ய ஒன்றும் இல்லை, காய்ச்சல் தணிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், கொஞ்ச காலம்தான் என்று சொல்லிவிட்டார். என் மருமகள் அப்போது நிறைமாதம். அவளிடம் யாரும் முழுசாகச் சொல்லவில்லை. அவளும் முழுசாகக் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னதும் சம்பந்தியம்மா கேட்டது ஒன்றுதான்.

"அங்க போயும் அந்தச் சாம்பல் செவுத்தத்தான் பாத்துட்டுக் கெடக்கணுமா?"

அவர்கள் வீடு தரைத்தளம். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் ஒரு நீளமான சந்து. சந்துக்கு அந்தப்பக்கம் ஏதோ கிடங்கின் பின்சுவர், பூச்சுப் போன சாம்பல் நிறத்தில். சந்தின் மேற்கு முனை தெருவைப் பார்த்துத் திறந்திருக்கிறது. மதியத்துக்கு மேல் வெயில் அந்த வழியாக நுழைந்து, சுவரின் மேற்குப் பாதியை உச்சியிலிருந்து அடிவரை காய்ச்சி எடுக்கும். கிழக்குப் பாதி, பக்கத்து மாடிக் கட்டடத்தின் நிழலில் நாள் முழுக்க ஈரமாகவே கிடக்கும்.

"நீ வர்றதுக்குள்ள பச்சையாக்கிடறேன்" என்றார் சம்பந்தி.

என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். என் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்துச் சந்தில் நிற்க வைத்துவிட்டு, உள்ளே போய் அந்த அம்மாவின் கட்டிலில் படுத்துக்கொண்டார். நான் துடைப்பத்தால் சுவரைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

"இன்னும் தள்ளி. இன்னும். கொஞ்சம் இறக்குங்க. ஆங், அங்கதான். அவ கண்ணு அங்கதான் விழும்."

மேற்குப் பாதியில், என் இடுப்புக்குக் கீழே. சாக்குக்கட்டியால் வட்டம் போட்டேன். அப்புறம் சத்தமே இல்லை.

"தூங்கிட்டீங்களா சம்பந்தி?"

"இல்ல. தலகாணியில அவ எண்ணெய் வாசன இருக்கு. கொஞ்சம் இருங்க."

துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்ய?

கிடங்குக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, சட்டமும் குழாயும் அடித்து முடித்துவிட்டுச் செடி எடுக்கப் போனோம். காலமெல்லாம் பார்சல் வண்டி ஓட்டியவன் நான், வண்டி இன்னும் கைவசம் இருக்கிறது. வெயில் தாங்குவதற்கு ரியோ, டேபிள் ரோஸ். நிழலுக்கு ஃபெர்ன், சிங்கோனியம். ஒவ்வொன்றையும் தூக்கி அடியில் வேர் பார்த்து, இலையைத் திருப்பிப் பார்த்து, பெண் பார்க்கிற மாதிரி பார்த்தார். கடைக்காரன் சலித்துப்போய், "வரதட்சணை எவ்வளவு சார்?" என்று கேட்டான். எல்லாவற்றையும் கொண்டுவந்து சந்தில் இறக்கினோம். அவ்வளவுதான், ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன். காய்ச்சல் ஏறிவிட்டது. செடிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார்.

அன்று சாயங்காலமே என் மருமகளுக்கு வலி எடுத்தது. விடியும்போது பேத்தி பிறந்துவிட்டாள். அவளைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் எல்லாரும் சொல்வதால், இரண்டு கன்னத்திலும் குழி விழும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

மறுநாள் நான் ஃபோனில் குழந்தையின் படத்தை எடுத்துக்கொண்டு சம்பந்தியைப் பார்க்கப் போனேன். மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தார். அப்போது என் மகன் அவரை ஃபோனில் கூப்பிட்டான். அப்பாவான சந்தோஷத்தில் கால் தரையில் இல்லாமல் திரிந்தவன், மாமியாருக்குத் தன்னால் ஆனது ஏதாவது செய்ய வேண்டும் என்று சந்துக்குப் போயிருக்கிறான். "மாமா, செடியெல்லாம் வாடுது. நானே மாட்டிடறேன், எது எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"வெயில் தாங்கறதெல்லாம் மேல்பக்கம் மாட்டுங்க மாப்ள. ஃபெர்ன், சிங்கோனியம் எல்லாம் கீழ்பக்கம். கலந்துடாதீங்க" என்றார் சம்பந்தி. சொல்லிவிட்டுப் பேத்தியின் படத்தை மனைவியின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

அவருக்கு மேற்கு என்று வாயில் வராது. மேல்பக்கம், கீழ்பக்கம்தான். மேற்கும் கிழக்கும் அவருக்கு அப்படித்தான். என் மகன் மாடி வீட்டில் பிறந்து லிஃப்டில் வளர்ந்தவன். மேல் என்றால் அவனுக்கு மேலேதான். வெயில் செடிகளை மேல் வரிசைகளில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அழகாக மாட்டினான். நிழல் செடிகளை அடி வரிசைகளில் மாட்டினான். ஒன்றைக்கூடக் கலக்கவில்லை.

காய்ச்சல் இறங்க நாளாயிற்று. சம்பந்தி ஆஸ்பத்திரியை விட்டு நகரவே இல்லை. செடி எப்படி இருக்கு மாப்ள என்று தினம் கேட்பார். தண்ணி நல்லா வருது மாமா என்பான் இவன். தண்ணீர் நன்றாகத்தான் வந்தது.

என் வண்டியில்தான் அந்த அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எடையே இல்லை, சம்பந்தி ஒருத்தராகவே தூக்கிக்கொண்டு போனார். கட்டிலில் படுக்க வைத்து, தலையணையைச் சரி செய்து, "கண்ண மூடிக்க" என்று சொல்லிவிட்டுத் திரையை ஒதுக்கினார்.

நான் சாக்குக்கட்டியால் வட்டம் போட்ட இடம் முழுக்க ஃபெர்ன் கருகித் தொங்கிக்கொண்டிருந்தது. காய்ந்த டீத்தூள் நிறம். அந்தப்பக்கம் நிழலில், உச்சியில் மாட்டிய டேபிள் ரோஸ் ஒரு பூகூட விடாமல் வெளுத்துப்போய் நூலாக நீண்டிருந்தது.

"கண்ணத் தொறக்கட்டுமா?" என்றது அந்த அம்மா.

அவர் திரையைத் திரும்ப மூடப் போனார். அதற்குள் அந்த அம்மா கண்ணைத் திறந்துவிட்டது.

சம்பந்தி மெதுவாகத் திரும்பி என் மகனைப் பார்த்தார். "மேல்பக்கம் வைக்கச் சொன்னேனே மாப்ள."

"மேலதான் மாமா வச்சேன்" என்று அவன் கையை உயர்த்திக் காட்டினான்.

அவர் தெருப் பக்கம் கையைக் காட்டினார். "மேல்பக்கம்."

முதலில் சிரித்தது சம்பந்தியம்மாதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்குது வலிக்குது என்று சொல்லிக்கொண்டே சிரித்தது. "பாவம், புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. பொண்ணு பொறந்த சந்தோஷத்துல யாருக்குத் திக்கு தெரியும்?" என் மகன் சந்துக்குப் போய் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். இருபத்தொன்பது வயசு ஆண்பிள்ளை.

மறுநாளே எல்லாவற்றையும் கழற்றி ஆள் வைத்து ஒரே மூச்சில் மாற்றிவிடலாம் என்றேன். நேரம் இல்லை என்பது எனக்கும் தெரியும். சம்பந்தியும் சரி என்றார். அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ஆள் எல்லாம் வேணாம். நீங்களே பண்ணுங்க. நான் பாக்கணும்."

அதனால் அவர் ஒருத்தராகவே ஆரம்பித்தார். அந்த அம்மா விழித்திருக்கும்போது மட்டும்தான் வேலை. கண்ணை மூடிவிட்டால் ஏணியிலிருந்து இறங்கிவந்து கட்டிலோரம் உட்கார்ந்துகொள்வார். அதனால் ஒரு நாளைக்கு நாலு தொட்டி ஏறினால் பெரிசு. எது எங்கே என்று சொல்வதும் அந்த அம்மாதான். ஒவ்வொரு செடியாக அவர் ஜன்னலுக்கு நேரே தூக்கிக் காட்டுவார்.

"மேல வைங்க."

"எந்த மேல?"

"உங்க மாப்ள மேல."

தினமும் இதே பேச்சு. தினமும் சிரிப்பு. குழந்தையைக் குளிப்பாட்டி அந்த அம்மாவின் கைக்குள்ளே விடுவோம். அதன் பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி வைத்துக்கொண்டே வேலை ஏவும். ஒருநாள் அடி வரிசைக்கு அவர் சிங்கோனியத்தைக் காட்டினார்.

"அது வேணாம். பால் அரிக்கும்ல? இவ தவழ ஆரம்பிச்சா எல்லாத்தையும் பிச்சு வாயிலதான் போட்டுக்குவா. கைக்கு எட்டற எடத்துல ஒண்ணும் பண்ணாத செடியா வைங்க."

அவர் கையில் இருந்ததைத் தூர வைத்துவிட்டு, புதிதாக வாங்கியிருந்த, புல் போல இலை நீண்ட ஸ்பைடர் பிளாண்டை எடுத்துக் காட்டினார். "ம்" என்றது அந்த அம்மா. அடி வரிசை முழுக்க இப்போது அதுதான். என் மருமகள் அறையை விட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

சுவர் கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. மேற்குப் பாதியில் ரியோவின் ஊதா, டேபிள் ரோஸின் சிவப்பு. கிழக்கே அடர்ந்த பச்சை. இரண்டும் சேருகிற இடத்தில் ஓரமாக இரண்டு தொட்டிதான் பாக்கி. அன்று மத்தியானம் நான் அங்கேதான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சம்பந்தி ஒரு கையில் ஃபெர்ன், ஒரு கையில் ரியோ தூக்கிக் காட்டி, "இங்க எது?" என்றார். வெயிலும் இல்லாமல் நிழலும் இல்லாமல் இருக்கிற இடம் அது, எது வைத்தாலும் பாதிதான் பிழைக்கும்.

அந்த அம்மா விரலைத் தூக்கியது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. "இருங்க, யோசிச்சு சொல்றேன்" என்று கண்ணை மூடிக்கொண்டது.

அவர் வழக்கம்போல இறங்கிப் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தார். நான் ஏணியை மடித்துச் சாத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் என்னைக் கூப்பிட்ட குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதெல்லாம் ஆகி மாதங்கள் ஓடிவிட்டன. பேத்தி குப்புற விழுகிறாள், தலையைத் தூக்கி எல்லாரையும் அதட்டுகிறாள். சம்பந்தி வெளியே சுவர் வேலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். காலையில் எழுந்ததும் அந்தக் கட்டிலில் சற்று நேரம் படுத்துப் பார்ப்பார். அப்புறம் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போவார்.

இன்று காலை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் அங்கேதான் நின்றிருந்தேன். என் மருமகள் டீ கொண்டுவந்தாள். அப்பாவிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, "அந்த ரெண்டு தொட்டிய மட்டும் ஏன்பா மண்ணாவே விட்டு வச்சிருக்கீங்க? ஏதாவது ஒண்ணு வச்சிடலாம்ல" என்றாள்.

சம்பந்தி டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, காய்ந்த இலை ஒன்றை நறுக்கினார்.

"யோசிச்சு சொல்றேன்னு உங்கம்மா சொல்லியிருக்கா. இன்னும் சொல்லல."